உறையோவியமும் உருவ இலக்கணமும்

நூலுக்குப் பாயிரம் எவ்வாறோ, இசைத்தட்டுக்கு உறையும் அவ்வாறே. பாடல் செவியை எட்டுமுன் அதன் இயல்பைக் கண்ணுக்கு அறிவிப்பது உறையோவியம். காண்போரைத் திடுக்கிடச் செய்யும் உறைகளை வெளியிடுவது மேலைநாட்டு ராக் இசைக்குழுவினர் பலரிடம் ஒரு வழக்கமாகவே வளர்ந்தது. அவற்றுள் இந்து சமயத் திருவுருவங்களைக் கையாண்ட இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியிட்ட 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்'. கடைகளில் விற்கும் திருமாலின் விசுவரூபப் படம் ஒன்றனை எடுத்து, அதன் நடுவே குழுவினர் மூவரின் முகங்களையும் ஓவியர் பொருத்திவிட்டார். ஹெண்ட்ரிக்சுக்கே இவ்வுறை நிறைவளிக்கவில்லை. தம் குருதியில் கலந்த அமெரிக்கத் தொல்குடி மரபைக் காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, ஏரோஸ்மித் என்னும் அமெரிக்கக் குழு 1997இல் வெளியிட்ட 'நைன் லைவ்ஸ்'. காளியன்மேல் நடமிடும் கண்ணனுக்குப் பூனைத் தலையும் பெண்ணின் மார்பும் அமைத்திருந்தனர். இந்துக்கள் கொதித்தெழுந்தனர். வெளியீட்டு நிறுவனம் வருத்தம் தெரிவித்து உறையை மாற்றியது. ஓவியத்தின் மூலம் இன்னதென்று தாங்கள் அறியவில்லை என்றனர் குழுவினர்.

குற்றம் எங்குளது? அயலார் எடுத்தாண்டது குற்றமன்று. கலைகள் கொண்டும் கொடுத்துமே வளர்வன. ஆனால் திருவுருவத்திற்கும் இலக்கணம் உண்டு. விசுவரூபத்தின் பல முகங்கள் அனைத்தும் ஒருவனுள் அடக்கம் என்னும் தத்துவத்தைச் சொல்வன. அங்கே மூன்று மனிதர் முகங்களை வைத்தால் தத்துவம் போய்த் தற்புகழ்ச்சியே எஞ்சும். காளியன் நடனமோ, நீரை நஞ்சாக்கிய செருக்கை அடக்கி, அடங்கிய பின் உயிர்ப்பிச்சை அளித்த அருளைச் சொல்வது. பெரியாழ்வார் பாடியதும் சோழர்காலச் சிற்பியர் செம்பில் வார்த்ததும் அவ்வருளையே. தலையை மாற்றியவர் அப்பொருளையே வெட்டி எறிந்தார். முன்னதில் உருவம் நிற்கிறது, பொருள் சிதைகிறது. பின்னதில் இரண்டுமே சிதைகின்றன. ஆகவே இரண்டினையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையான திறனாய்வு ஆகாது.

இனி, நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊதுபத்தி உறையில் இறைவன் படத்தை அச்சிட்டுக் குப்பையில் எறிகிறோம். இலட்சுமியின் படம் ஒட்டிய வெடியைத் தீபாவளியன்று கொளுத்திச் சிதறடிக்கிறோம். படத்தை வெறும் அலங்காரமாக எண்ணும் பழக்கம் அயலாரிடம் மட்டும் இல்லை.

பழம்பாடல் அடியை எடுத்தாளும் புலவன் அதன் பொருளறிந்து ஆளவேண்டும் என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஓவியனுக்கும் அதுவே விதி. ஓர் உறையைக் கண்டு மனம் புண்படும்போது மாணவர் சினத்தோடு நின்றுவிடலாகாது. சிதைந்த பொருள் யாதென எடுத்துரைக்கும் ஆற்றல் பெறவேண்டும். அவ்வாற்றல் இல்லாதவிடத்து நம் கண்டனமும் வெற்றொலியாகவே முடியும்.