ஆத்தென் துதியும் அரசனின் நிழலும்

எகிப்து நாட்டில் நைல் நதியின் கீழ்க்கரையில், அமர்னா என இன்று வழங்கும் இடத்தில், பாறையைக் குடைந்து அமைத்த கல்லறைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று ஆய் என்னும் அரசவைப் பெருமகனுக்காகக் குடையப்பட்டது. அதன் சுவரில் 13 நெடுவரிசைகளில் செதுக்கப்பட்ட பாடலையே 'ஆத்தென் பெருந்துதி' என்று அறிஞர் அழைக்கின்றனர். கி.மு. 1350-ஐ ஒட்டி ஆண்ட அக்கெனாத்தென் மன்னனின் காலத்தது இது. 1880-களில் ஒருவர் பிரதி எடுத்து வைத்திராவிடில் இப்பாடல் நமக்கு முழுமையாகக் கிட்டியிராது. 1890-இல் உள்ளூர்ச் சச்சரவொன்றில் அச்சுவரின் ஒரு பகுதி சிதைந்துபோயிற்று.

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், பழைய ஏற்பாட்டு வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் இத்துதியின் கருத்துகளையும் மறுபுறம் திருப்பாடல் 104-இன் கருத்துகளையும் எழுதிக் காட்டினார். இரவில் வெளிவரும் சிங்கம், விடிந்ததும் வேலைக்குச் செல்லும் மனிதன், நீரில் செல்லும் மரக்கலம் என ஒற்றுமைகள் வியப்பூட்டின. அந்த வியப்பு நம்மை விட்டு நெடுநாள் அகலவில்லை. மோசேக்கு முன்பே ஒரே கடவுளைக் கண்ட மன்னன் என்று அக்கெனாத்தெனை நாமே மறையுரைகளில் புகழ்ந்ததுண்டு. அண்மையில் பாடலை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்த பிறகு, அப்புகழ்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவராகிறோம்.

பாடல் அழகானது என்பதில் ஐயமில்லை. முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சுக்கு மூச்சளித்து, ஓட்டை உடைக்கும் வலிமை வரும்வரை காப்பவன் ஆத்தென் என்கிறது அது. தாயின் கருவில் குழந்தைக்கு உயிரூட்டுபவனும், அதன் அழுகையை அமர்த்துபவனும் அவனே. மழையை நம்பி வாழும் அந்நிய நாட்டாருக்கு அவன் வானத்தில் ஒரு நைல் நதியை வைத்தானாம்! எகிப்தியரின் கண்ணுக்கு மழை அப்படித்தான் தோன்றியிருக்கிறது. சிரியாவும் கூசும் எகிப்தும் ஒருவனாலேயே பேணப்படுகின்றன. மொழியும் நிறமும் வேறுபட்டவை எனினும் படைத்தவன் ஒருவனே. அந்நியரை இழிவாகவே பேசிப் பழகிய ஓர் அரசவையிலிருந்து இவ்வளவு விரிந்த நோக்கு வந்ததை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் இரவு வரும்போது இரு பாடல்களும் பிரிகின்றன. எகிப்தியப் பாடலில் கதிரவன் மறைந்தால் உலகம் செத்ததுபோல் கிடக்கிறது. சிங்கமும் பாம்பும் இறைவன் இல்லாத நேரத்தில் வெளிவருகின்றன. திருப்பாடலிலோ இருளை உண்டாக்குபவரும் ஆண்டவரே. சிங்கக் குட்டிகள் அவரிடமே இரை கேட்கின்றன. கதிரவனும் அங்கே தன் வேளையை அறிந்த ஒரு படைப்பு மட்டுமே.

இதனினும் பெரிய வேறுபாடு பாடலின் இறுதியில் இருக்கிறது. பலரும் மேற்கோள் காட்டாது விட்டுவிடும் பகுதி அது. அத்தனை நாடுகளையும் பேணும் இறைவனை அறிந்தவன் மன்னன் ஒருவனே, வேறொருவரும் இலர் என்று அங்கே முடிகிறது துதி. திருப்பாடல் 104-இல் அரசன் என்றொருவன் இல்லை; அங்கே தன் உயிரை நோக்கிப் பேசுபவர் எவராகவும் இருக்கலாம். அமர்னாவின் ஓவியங்களைக் காணுங்கள். கதிர்வட்டத்தினின்று இறங்கும் ஒளிக்கதிர்கள் கைகளாக முடிகின்றன. அக்கைகள் உயிர்க்குறியை நீட்டுவது அரசன், அரசியின் மூக்கருகேதான். ஆத்தெனின் பெயரையே அரசர் பெயருக்குரிய நீள்வட்டச் சட்டத்துக்குள் எழுதினார்கள். செல்வர் வீடுகளின் வழிபாட்டுப் பீடங்களில் வைக்கப்பட்டதும் அரச குடும்பத்தின் உருவமே. மக்கள் அரசனை வணங்க வேண்டும். அரசன் ஆத்தெனை வணங்குவான். இதுவே ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் கடுமையை உணரச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கி.மு. 2350-ஐ ஒட்டி, மன்னன் ஊனாஸின் பிரமிடுக்குள் மறுமைக்கான மந்திரங்கள் முதன்முதலாகச் செதுக்கப்பட்டன. சில நூற்றாண்டுகளில் அத்தகைய மந்திரங்கள் அதிகாரிகளின் சவப்பெட்டிகளில் எழுதப்படலாயின. பின்னர், வசதியுள்ளவர் விலை கொடுத்துப் பெறும் பாப்பிரஸ் சுருள்களாயின. இறந்தவர் எவரும் ஒசிரிஸ் தெய்வத்தோடு ஒன்றாகலாம் என்ற நம்பிக்கை, அரசமாளிகையினின்று கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அக்கெனாத்தென் அந்த வாசலை அடைத்தான். அமர்னாக் கல்லறைகளில் ஒசிரிஸுக்கு இடமில்லை. இறந்தவரின் வாழ்வு மன்னனின் தயவைச் சார்ந்தது. தேபை நகரில் அமூன் தெய்வத்தின் பெயரை ஆட்கள் ஏணி வைத்து ஏறி உளியால் கொத்தி அழித்தனர்.

மக்கள் என்ன செய்தார்கள்? அமர்னாவிலேயே, கல்லறை வெட்டிய தொழிலாளரின் குடியிருப்பில், பிரசவத்தைக் காக்கும் பேஸ், தவேரெத் ஆகிய தெய்வங்களின் சிற்றுருவங்கள் அகழ்வில் கிடைத்துள்ளன. 2006 முதல் தோண்டப்பட்ட எளியோரின் இடுகாட்டில், பாரம் சுமந்து நைந்த முதுகெலும்புகளும், சிறு வயதில் ஊட்டமின்றி வளர்ந்ததன் அடையாளங்களும் காணப்பட்டன. முட்டைக்குள் குஞ்சுக்கு மூச்சளிக்கும் இறைவனைப் பாடிய நகரம் இதுதான்.

அமெரிக்க அறிஞர் பிரெஸ்டெட் இம்மன்னனை வியந்து எழுதினார். 1939-இல் ஃபிராய்டு ஒருபடி மேலே சென்று, மோசேயே ஆத்தென் நெறியைப் பின்பற்றிய எகிப்தியர் என்றார். அவ்வாதத்துக்கு வலுவான சான்று ஏதுமில்லை. அதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று: 'ஒன்று' என்ற எண்ணை மட்டும் பார்த்து இருவரும் மகிழ்ந்துவிட்டனர், அந்த ஒருவரிடம் பேசும் உரிமை யாருக்கு என்று போதிய அளவு வினவவில்லை. நாமும் வினவியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மன்னன் மறைந்தபின் நெறியும் நிலைக்கவில்லை. அவனது வாரிசொருவரின் 3-ஆம் ஆட்சியாண்டில், தேபையில் ஒரு பழைய கல்லறைச் சுவரில் பவா என்னும் எழுத்தர் அமூனை நோக்கிச் செய்த மன்றாட்டு எழுதப்பட்டிருக்கிறது. தம் இருள் அகன்று, அமூனைக் காண வேண்டும் என்பதே அவர் கேட்பது. எழுதிவைத்தவர் அவருடைய சகோதரர். துத்தன்காமூன் காலத்தில் கோயில்கள் மீண்டும் திறந்தன. துதி செதுக்கப்பட்ட கல்லறைக்குரிய ஆய், பின்னர்த் தாமே அரசராகித் தேபையில் அடக்கமானார். அமர்னாக் கல்லறை அவரைப் பெறவேயில்லை.

பழைய தெய்வங்கள் திரும்பின. ஆனால் மக்களின் மன்றாட்டில் ஒரு புதிய தொனி ஓங்கி ஒலித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, தெய்ர் எல்-மெதினாவில் வாழ்ந்த நெப்ரே என்ற ஓவியத் தொழிலாளி, தம் மகன் நக்த்தமூன் நோயுற்றபோது அமூனிடம் வேண்டிக்கொண்டு, மகன் பிழைத்ததும் ஒரு நினைவுக் கல் நாட்டினார். அது இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழையின் குரலுக்குச் செவிசாய்க்கும் தெய்வம் என்று அமூனை அதில் அழைக்கிறார் அவர். கல்லின் மேற்பகுதியில் அமூன் அரியணையில் வீற்றிருக்கிறார். எதிரே, கைகளை உயர்த்தி மண்டியிட்டிருப்பவர் நெப்ரேதான்.