இடியும் வீடும் இருபதாயிரம் சதுர மீட்டரும்

கோவில்பட்டியிலோ எட்டயபுரத்திலோ பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது கவனித்துப் பாருங்கள். மரமும் கம்பியும் முழுச் செங்கல்லும் உடனே விலை போய்விடும். எஞ்சிய உடைசலும் காரையும் கான்கிரீட் துண்டுகளும் டிராக்டரில் ஏறி ஓடைக்கரையில் போய் விழும். மழை குறைந்த கரிசல் பூமியில், கண்மாய்க்கு நீர் கொண்டு வரும் ஓடை தூர்ந்தால் விளைவு என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இக்கழிவை மீண்டும் கட்டடப் பணிக்கே பயன்படுத்த வேண்டுமென மத்திய அரசு 2016-இல் விதிகளை வகுத்தது. பின்னர் 2025-இல் புதிய விதிகளை வெளியிட்டு, அவற்றின் தொடக்க நாளாக 2026 ஏப்ரல் 1-ஐக் குறித்தது. நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் அளவுகோல் நமக்குப் பொருந்துகிறதா? மறுசுழற்சி இலக்கு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்கே உரியது. அதாவது ஏறத்தாழ 2,15,000 சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீடுகள் 215! நம் ஊர்களில் வீடுகள் ஒவ்வொன்றாகவே இடிகின்றன, ஒவ்வொன்றாகவே எழுகின்றன. எனவே அந்த இலக்கு நம் தெருவை எட்டுவதே இல்லை.

"பழைய ஜல்லியில் பலம் இராது" என்று கொத்தனார் சொல்வதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அதில் பாதி உண்மை. கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியில் பழைய சிமெண்டுக் காரை ஒட்டியிருக்கும். அதன் நுண்துளைகள் புதுக் கருங்கல் ஜல்லியைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சும். கலவையின் நீரளவு மாறினால் வலிமையும் மாறும். மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம்: இருவகை ஜல்லியையும் உலர்த்தி நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இதனால்தான் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 383 (2016), கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை மட்டும் இத்தகைய ஜல்லியை 20 சதவீதத்துக்கு மிகாமல் அனுமதிக்கிறது. எம்-15-க்குக் குறைந்த தரத்திலோ முழுவதும் இதையே சேர்க்கலாம்.

தூணுக்கு ஆகாதது தரைக்கும் ஆகாது என்பதே பிழையான மறுபாதி. கரிசல் களிமண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஆகவே தரைக்கு அடியிலுள்ள கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, விலை கொடுத்துச் சரள் அடிக்கிறோம். நன்கு தரம் பிரித்து உடைத்த செங்கல்லும் கான்கிரீட்டும் அவ்வாறு உப்புவதில்லை. மண்ணும் மரத்தூளும் களைந்து, நன்றாகத் திமிசு போட்டு, மழைநீர் உள்ளே இறங்காமல் காத்தால் அங்கே அவை பயன்படும். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் இடித்து மொட்டை மாடித் தளம் போட்ட நம் முன்னோருக்கு உடைசல் குப்பையாகத் தோன்றவில்லை.

ஆகவே, நகராட்சி ஒரு கொட்டுமிடமும் ஒரு சிறு உடைப்பு இயந்திரமும் அமைத்து, தன் சொந்தப் பணிகளுக்கு அந்த ஜல்லியை முதலில் வாங்கட்டும். விதியின் கண்ணுக்கு ஒரு வீட்டின் உடைசல் சிறிதாக இருக்கலாம். ஓடைக்கு அது சிறிதன்று.