போடியில் போக்கிமான் பிடிக்க

நியான்டிக் நிறுவனம் 2016 ஜூலையில் வெளியிட்ட 'போக்கிமான் கோ' கைபேசி விளையாட்டு அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. உட்கார்ந்த இடத்தில் ஆடுவதைவிட, கால்நடையாக ஊரைச் சுற்றும்போதுதான் இதில் சுவை அதிகம். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். போடி எனப்படும் போடிநாயக்கனூர் போன்ற நடக்கத் தோதான ஊருக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆட்டத்தில் கிடைக்கும் முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும். மலைமேலுள்ள போடிமெட்டுக்குப் பேருந்தில் ஏறினால் அந்தத் தூரம் சரியாகக் கணக்கில் வராது. காலையில் காலார நடப்பதே வழி. நடைக்கணக்கு வசதியை இயக்கிவிட்டால், செயலியை மூடி வைத்தாலும் தூரம் சேரும், பேட்டரியும் மிஞ்சும்.

போக்கிமான் என்னும் உயிரினத்தைப் பிடிக்க, பந்தைச் சுழற்றி வளைத்து எறியுங்கள். பிடிபடும் வாய்ப்பு கூடும். அந்த வளைவு கைக்குப் பழகும் கணம் பம்பரம் விடக் கற்ற நாளின் மகிழ்ச்சியைத் தரும். வானிலையையும் கவனியுங்கள்: ஆட்டத்தில் மழை காட்டினால் நீர், மின்சாரம், பூச்சி வகைகளும், மூடுபனி காட்டினால் பேய், இருள் வகைகளும் வலுவோடு வரும்.

போடி மலையின் ஏலத்தோட்டச் சரிவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். யானை நடமாட்டமும் உண்டு. அங்கே திரையை அணைத்துவிட்டுப் பாதையைப் பாருங்கள். தோட்டம் பிறருடையது, அனுமதியின்றி நுழையாதீர்கள்.

சிற்றூர்களில் போக்கிஸ்டாப்கள், அதாவது ஆட்டப் பொருள்கள் கிடைக்கும் இடங்கள், குறைவு. உயர்நிலை எட்டிய ஆட்டக்காரர்களே, உங்கள் தெருக் கோயிலையும் பூங்காவையும் போக்கிஸ்டாப்களாக முன்மொழியுங்கள். அடுத்து ஆட வருபவர்களுக்கு அது உதவும்.