சட்டசபையில் ஒரு பெண் குரல்

சென்னைச் சட்டசபையின் முதற்பெண் உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அச்சபையில் தாம் ஆற்றிய பணியை 1930-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டம் உருவான முறையை அறிய விழைவோர்க்கு அது நல்லதொரு சான்று.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்குமாறு அம்மையார் 1927-இல் தீர்மானம் கொணர்ந்தார். தீர்மானம் பரிந்துரையே, சட்டமன்று. ஆகவே, இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொணர்ந்தார். 1929-இல் அது நிறைவேறிற்று. அதன் நுட்பம் யாது? கோயில் ஊழியத்துக்கென விடப்பட்ட மானிய நிலத்தை, ஊழியம் செய்யாமலே தேவதாசிகள் வைத்துக்கொள்ளலாம் என்றது. வயிற்றுக்கு வழி காட்டாமல் வழக்கத்தை மட்டும் வெட்ட முனையவில்லை. அதுவே அதன் சிறப்பு. பொட்டுக் கட்டுதலை அடியோடு தடுத்த சட்டமோ 1947-இல்தான் வந்தது.

எனினும் இது மசோதா கொணர்ந்தவரின் நூல் என்பதை மறத்தலாகாது. தேவதாசிகள் பலர் அம்முயற்சியை எதிர்த்து விண்ணப்பம் விடுத்தனர். விண்ணப்பம் எழுத அவர்களுக்கு உரிமை இருந்தது. எழுந்து விடை கூறச் சபையில் இடம் இல்லை. சட்டம் நல்லதே. ஆயினும், அந்நூலைக் கற்போர் அவ்விண்ணப்பங்களையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புரைத்தல் ஆராய்ச்சி ஆகாது.