'சபாபதி'யும் நகை என்னும் மெய்ப்பாடும்

நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன்வழித் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இப்பகுப்பு ஏட்டிலக்கியத்திற்கே உரியது என்பாரும் உளர். 1941-இல் ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய 'சபாபதி' என்னும் திரைப்படம் அக்கூற்றை மறுக்கும் சான்றாகும். பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) நாடகமே இதற்கு முதனூல்.

செல்வர்மகன் பெயர் சபாபதி. அவன் ஏவலாளன் பெயரும் அதுவே. செல்வர்மகனாக நடித்த டி.ஆர். இராமச்சந்திரன் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் திருக்காம்புலியூரில் பிறந்தவர். அவரிடத்து இளமையும் பேதைமையும் ஒருங்கே நகை விளைக்கின்றன. ஏவலனாகிய காளி என். ரத்தினமோ சொல்லைக் கொள்வான். சொல்லின் குறிப்பைக் கொள்ளான். கொண்டதை விடாத இவ்வியல்பே மடன். கே. சாரங்கபாணி நடித்த தமிழாசிரியர் எள்ளலுக்கு இலக்காகின்றார். தமிழ் பயில்வோர் இவ்விடத்தைச் சிரித்து மறந்துவிடுதல் தகாது. ஆங்கிலம் ஆட்சி செலுத்திய பள்ளியில் தமிழாசிரியர் பெற்றிருந்த எளிய நிலையை இப்பகுதி நமக்குக் காட்டுகின்றது. இங்கு எள்ளல் ஆசிரியரைச் சுட்டினும், குறை அவரை அந்நிலையில் வைத்த சமுதாயத்தையே சாரும் என்க.

இனி, பழம்படங்களைத் தொகுப்போர் இத்தகைய படங்களை விழைவது ஏன்? திருவரங்கத்து அரையர் சேவை மரபினர் வழியே நிலைபெறுவது. ஆளிருக்கக் கலை இருக்கும். திரைக்கலை அத்தகையது அன்று. பொருள் அழியின் கலையும் அழியும். பழைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. தானே சிதைவதும் ஆகும். 1905-இல் திருச்சிராப்பள்ளி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர்தோறும் காட்டத் தொடங்கினார். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964-இல். இடைப்பட்ட அறுபதாண்டுகளில் இழந்தவை பல; தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) இன்று கிடைப்பதில்லை. எனவே கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்கூட அரும்பொருள் ஆயின.

ஆயினும் அருமை வேறு, நயம் வேறு. கிடைத்தற்கு அரியது என்பதனாலேயே ஒரு படம் சிறந்ததாகிவிடாது. ஏடு தொகுத்தார் அனைவரும் பதிப்பாசிரியர் ஆகிலர். பாடம் ஒப்பிட்டு ஆராய்ந்தவரே நூலுக்கு உயிரளித்தனர். 'சபாபதி' அழியாது நம் கைக்கு வந்த படம். அச்சிட்ட நாடகத்தோடு படத்தின் உரையாடலை ஒப்பிடின், 1941-இன் பேச்சுத்தமிழும் மேடை நகை திரைக்கேற்ப மாறிய முறையும் புலனாகும். தொகுப்போர் காத்ததை ஆராய்தல் தமிழ்த்துறை மாணவர் கடனாகும்.