மாந்தோப்பும் முறத்து அரிசியும்

நாம் குடியிருக்கும் பிரேசர் டவுன் ஒரு கொள்ளைநோயின் குழந்தை. பெயர்ப்பலகை புலிகேசி நகர் என்று சொன்னாலும் ஆட்டோக்காரரிடம் நாம் சொல்வது பழைய பெயரைத்தான். 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. அதன் பின் கண்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க எழுப்பிய பேட்டைக்கு அன்றைய ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் புக வேண்டும், எலி குடியேறக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டிய ஊர் இது. அந்தக் கணக்கை ஜே.எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர் 1914-இல் நூலாகவே எழுதினார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 2020 ஊரடங்குக் காலத்தில் இலக்கிய அன்பர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுந்தது: "கஷ்ட காலம்தாங்க நல்ல எழுத்தைக் கொடுக்கும். பாரதியைப் பாருங்க!" சரி, பார்ப்போமே.

பாரதி 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனார். அங்கிருந்து நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். 1910-இல் அது நின்றது. வருமானம் போச்சு, வாசகரும் போனார்கள், வீதியிலோ ஒற்றர்கள். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வந்தது 1912-இல். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்தப் புதுவை வாழ்வின் விளைச்சல்தான். கணக்கு நேராக இருப்பதுபோலத் தோன்றும்.

ஆனால் குயில் பாட்டை மறுபடி படித்துப் பாருங்கள். முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் மாந்தோப்பு இருந்தது. பாரதி அங்கே போய் உட்காருவார். அந்தத் தோப்பு இல்லாவிட்டால் அந்தக் காவியமே இல்லை. வேவு பார்க்கப்படும் ஒரு மனிதர், குயில் குரங்கிடமும் மாட்டிடமும் காதல் பேசுவதை எழுதிச் சிரிக்கிறார்! முடிவில் கனவு கலைகிறது. சுற்றிலும் பழஞ்சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், பழைய பாய். பத்திரிகை பறிபோன ஆசிரியரின் அறை அது. அந்த அறையை அவர் மறைக்கவும் இல்லை, அதை வைத்து அழவும் இல்லை. தோப்பிலிருந்து அறைக்கு வரும் அந்தத் திருப்பத்தை வேதாந்தமாக விளக்கியவர்கள் பலர். எனக்கு அது ஏழை எழுத்தாளனின் குறும்பாகவே படுகிறது.

கஷ்டத்துக்கு நடுவே கொஞ்சம் காற்றோட்டம் கிடைத்தால்தான் இப்படி விளையாட முடியும் என்பது என் துணிபு. கடற்கரை, நண்பர்கள், தோப்பு இவை புதுவையில் பாரதிக்குக் கிடைத்தன.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. அதே 1908-இல் சிறை சென்ற வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். காற்றோட்டம் ஏது? ஆனாலும் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார், உடனிருந்த கைதிகளுக்காக மெய்யறம் எழுதினார். ஆக, சிறையிலும் எழுத்து வரும். ஆனால் அந்த எழுத்து அறம் பேசுகிறது, வரிகள் இறுகியிருக்கின்றன, குரங்கும் மாடும் அங்கே வரவில்லை. இது வ.உ.சி.யின் குறையல்ல, செக்கடியில் மிஞ்சியது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நம் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. கடனாக வந்த அரிசியைச் செல்லம்மாள் முறத்தில் வைத்திருக்க, பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்தாராம். கேட்டதும் கைதட்டுகிறோம். அன்று உலைக்கு என்ன வழி என்று கேட்பதில்லை. கவிஞரின் சின்னச் சந்தோஷத்துக்கு ஒருத்தி கணக்குக் கொடுத்தாள். பாரதியை இதனால் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நெருக்கடி வாய்ப்பாக மாறியது என்று பெருமை பேசும்போது, அந்த மாற்றுக்கூலியை யார் கட்டினார்கள் என்பதும் விமர்சனத்துக்குள் வர வேண்டும்.

அதற்கு இரண்டு நூல்கள் உதவும். ஒன்று, செல்லம்மாள் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய பாரதியார் சரித்திரம். மற்றது, யதுகிரி அம்மாளின் பாரதி நினைவுகள். யதுகிரி, ‘இந்தியா’வை நடத்திய மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். மேல்கோட்டைத் தொடர்புடைய மண்டயம் வழி வந்தவர், அதாவது நம்ம கர்நாடகத்துத் தமிழ்ப் பெண்! சிறுமியாக அந்த வீட்டுக்குள் ஓடியாடியவர். பாட்டு பிறந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். குயில் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வீடுகளில் இந்த இரண்டையும் பக்கத்திலேயே வையுங்கள்.