படையெடுப்பும் மனித உறவும்: 'தி ஃபிஃப்த் வேவ்', 'கடலுக்கு அப்பால்' – ஓர் ஒப்பாய்வு

இளையோருக்கான ஆங்கிலப் புனைகதைகளுள் வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பைப் பொருளாகக் கொண்டவை தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. இவ்வகைக்கு முன்னோடியான எச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (1898), தாஸ்மானியப் பூர்வகுடிகள் ஐரோப்பியக் குடியேறிகளால் அழிக்கப்பட்டதைத் தன் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகின்றது. பிறருக்குத் தாம் இழைத்தது தமக்கே நேருமாயின் என்னும் எண்ணமே இங்குக் கதையாகியுள்ளது எனலாம். ஆதலால், படையெடுப்பை மெய்யாகவே கண்ட பினாங்கைக் களமாகக் கொண்ட தமிழ் நாவலொன்றை இவ்வகை நூலோடு வைத்து நோக்க இடமுண்டு.

ரிக் யான்சியின் 'தி ஃபிஃப்த் வேவ்' (2013) நாவலில் பகைவர் முதலில் மின்சாரத்தையும், பின்னர்க் கடற்கரை நகரங்களையும், அதன்பின் நோயால் மக்களையும் அழிக்கின்றனர். எஞ்சியோரை அழிக்க அவர்கள் கையாளும் கருவி ஐயமாகும். எதிரில் நிற்பவர் மனிதர்தாமா என்பதை எவராலும் அறிய இயலவில்லை. காயமுற்றுக் கிடக்கும் படைவீரன் ஒருவன் எதையோ மறைத்துப் பற்றியிருக்கக் கண்டு, பதினாறு வயதுக் கேஸி அவனைச் சுட்டுவிடுகின்றாள். அவன் கையில் இருந்தது சிலுவை. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே. பின்னர் வரும் காதல் நிகழ்ச்சிகள் இத்தரத்தை எட்டவில்லை. எனினும், தம்பிக்கு அளித்த வாக்கைக் காப்பதற்காகவே அவள் உயிர்வாழ்கின்றாள். அப்பற்று இறுதிவரை குலையவில்லை.

பினாங்கின் நிலை வேறு. 1941 டிசம்பர் 11 அன்று சப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின. சில நாள்களில் ஆங்கில ஆட்சி ஐரோப்பியரை இரவோடு இரவாக வெளியேற்றியது. உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர். டிசம்பர் 19 அன்று சப்பானியர் தீவினுள் நுழைந்தனர். காப்பதாகச் சொன்னவரும் அயலார், தாக்க வந்தவரும் அயலார் என்னும் இந்நிலைக்கு யான்சியின் உலகில் இடமில்லை.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) இப்போரின் பின்புலத்தில் எழுந்தது. வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் பணிபுரிந்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் பினாங்கு திரும்புகின்றான். அவனும் பிள்ளையின் மகள் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆயினும், துப்பாக்கி ஏந்திய கை இனிக் கடைக்கு உதவாது, அடங்கி நடக்கும் இயல்பு அவனிடம் போய்விட்டது என்று பிள்ளை கருதுகின்றார். மகளை வேறொருவனுக்குக் கொடுக்க முடிவு செய்கின்றார்.

போர் குலைக்காத உறவை அமைதி குலைத்துவிடுகின்றது. குலைப்பவரும் பகைவர் அல்லர். தம் தொழிலின் மரபறிந்த, கொடியவர் என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு தந்தை. வேற்றுக்கிரகவாசிக் கதைகள் தீங்கு முழுவதையும் வெளியார் மேல் ஏற்றிவிடுவதால் இவ்விடத்திற்கு வருவதே இல்லை. பிழைத்தவன் பழைய வாழ்விற்குப் பொருந்தாதவனாகிவிடுகின்றான் என்பதைச் சிங்காரம் எவ்வித ஆர்ப்பாட்டமுமின்றிக் காட்டிவிடுகின்றார். அவரிடம் குறையும் உண்டு. கேஸி தன் கதையைத் தானே கூறுகின்றாள். மரகதமோ பெரும்பாலும் ஆடவரின் முடிவுகளுக்கிடையில் கண்ணீருடன் நிற்கின்றாள். அவள் மனம் இன்னும் விரிவாகப் பேசப்பட்டிருக்கலாம்.

மேலும், சிங்காரத்தின் பினாங்கு வணிகரின் பினாங்கு. கடலுக்கு இப்பால் பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களைச் சூழ்ந்திருந்த தோட்டப்புற வாழ்வு அதன் மையத்தில் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றபோது அவர்களுள் பெருந்தொகையினர் உயிருடன் இல்லை. அவர்களின் கதை நாவலாக விரிய, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகியன வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.